நாலு கிளினிக் கொப்பி, ஒரே வருத்தமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவருக்கு 47 வயது. படகு இயந்திரம் திருத்துகிறவர். புகை, குடி இல்லை. பெப்ரவரியில் இருந்து பீனிசம், மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு. ஏப்ரலில் இடக் காது அடைத்துக் கேட்பது குறைந்தது. காதுக்குள் சின்னக் குழாய் வைத்தார்கள். ஜூனில் வலக் கண் சிவந்து நொந்தது, சொட்டு மருந்தில் குறைந்து திரும்பவும் வந்தது. மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனக் போடுகிறார். இருமலுக்கு எக்ஸ்-ரே எடுத்ததில் இரண்டு சுவாசப்பையிலும் உருண்டை உருண்டையாக நிழல். சளி இரண்டு தரம் பார்த்தும் காசநோய்க் கிருமி இல்லை. என்றாலும் காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார்கள். இடையில் ஒரு டிஸ்பென்சரியில் இழுப்புக்கென்று ஐந்து நாள் பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்தார்கள். அப்போது எல்லாமே சுகமானது போல இருந்தது; விட்டதும் திரும்பிவிட்டது. போன கிழமையில் இருந்து வலக் காலில் செருப்பு நிற்பதில்லை, படியில் தடக்குகிறார். லண்டனில் நேர்சாக இருக்கும் மச்சாள், இது 'வாஸ்குலைட்டிஸ்' என்கிற இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், அதற்கு 'அன்கா' என்ற இரத்தச் சோதனை எடுங்கள் என்றார். எடுத்தோம், நெகட்டிவ். அப்படியென்றால் அது இல்லைத்தானே? காசநோய் மருந்தைத் தொடங்கலாமா? கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா? தட்டு, கோப்பை எல்லாம் வேறாக வைத்திருக்கிறோம்.

பதில்: அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய வருத்தத்தை நான் முதலில் எடுக்கிறேன். செருப்பு கழன்று விழுகிற அந்தக் கால்தான் இப்போது அவசரம். இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நாளைக் காலை அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், "கால் பாதம் தூக்க முடியவில்லை, ஒரு கிழமைக்குள் வந்தது" என்று சொல்லுங்கள். வார்டில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பாதத்தை மேலே தூக்கும் நரம்பு திடீரென்று வேலையை நிறுத்தியிருக்கிறது. இதற்கு எளிய காரணங்களும் உண்டு. படகுக்குள் மணிக்கணக்காகக் குந்தியிருந்து வேலை செய்கிறவருக்கு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகப் போகும் நரம்பு நசிந்து இப்படி வரலாம். நாரியில் வட்டு விலகினாலும் வரலாம். அவருடைய தொழிலைக் கேட்டவுடன் யாரும் இந்த இரண்டையும்தான் முதலில் நினைப்பார்கள். கால் மட்டும்தான் பிரச்சினை என்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் எட்டு மாதமாக மூக்கு, காது, கண், சுவாசப்பை, மூட்டு என்று ஒவ்வொன்றாக வந்த ஒருவருக்குப் பிறகு ஒரு நரம்பு விழுந்தால், அந்த நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்கள் வீங்கி அடைபட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியிருந்தால் இன்னொரு நாள் மணிக்கட்டும் தொங்கலாம். அதோடு, செத்த நரம்பு திரும்ப வளர மாதக்கணக்கு எடுக்கும், சில வேளை முழுதாகத் திரும்பாமலும் போகும்.

கடிதத்தை வைத்து நான் வருத்தத்துக்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் மழுப்பவும் விரும்பவில்லை. உங்கள் மச்சாளின் சந்தேகம் நியாயமானது.

அவர் நினைத்தது அனேகமாக ஜிபிஏ என்கிற வருத்தமாக இருக்கும். 'கிரனுலோமற்றோசிஸ் வித் பொலியாஞ்சியைற்றிஸ்' என்பது முழுப்பெயர். பழைய புத்தகங்களிலும் பழைய டொக்டர்மாரின் வாயிலும் இது 'வெக்னர்'. 2011 இல் பெயரை மாற்றினார்கள். இரண்டு பெயரும் ஒரே வருத்தத்துக்குத்தான் என்று தெரிந்திருந்தால், கொப்பியில் எதை எழுதினாலும் குழம்பமாட்டீர்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய சின்ன இரத்தக் குழாய்களையே தாக்குவதுதான் இதன் அடிப்படை. இரத்தக் குழாய் இல்லாத உறுப்பு உடம்பில் அனேகமாக இல்லை. அதனால் இது எங்கேயும் தலை காட்டலாம். ஐரோப்பிய நாடுகளில் பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 10 பேருக்குப் புதிதாக வருகிறது. ஒரு குடும்ப டொக்டர் ஒரு நோயாளியைக்கூடக் காணாமல் ஓய்வு பெற்றுப் போகலாம். ஆகவே இதுவரை யாரும் இதைச் சொல்லவில்லை என்பதற்காக யாரையும் கோபிக்காதீர்கள். காது கிளினிக்கில் காதைப் பார்த்தார்கள், கண் கிளினிக்கில் கண்ணைப் பார்த்தார்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொருவரும் செய்தது சரிதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. அதைத் தேடி இரண்டாம் தரமும் வாசித்தேன். சலப் பரிசோதனை எங்கேயும் இல்லை! எட்டு மாதம், நாலு கிளினிக், லண்டன் ஆலோசனை, காசு கட்டி எடுத்த அன்கா எல்லாம் இருக்கிறது. யூ.எஃப்.ஆர். என்று எல்லா ஆய்வுகூடத்திலும் எடுக்கிற, மிக மலிவான அந்தச் சலப் பரிசோதனை மட்டும் இல்லை. ஒருவேளை எடுத்திருந்து நீங்கள் எழுத மறந்திருக்கலாம். எடுக்கவில்லையென்றால் நாளைக்கே எடுக்க வேண்டும்.

இந்த வருத்தத்தில் உயிருக்கும் எதிர்காலத்துக்கும் பெரிய ஆபத்து சிறுநீரகத்தில்தான். அது நோகாது. மூக்கு அடைத்தால் மனிதன் முறையிடுவான், கண் நொந்தால் முறையிடுவான். சிறுநீரகத்தின் வடிகள் அழிந்துகொண்டிருக்கும்போது எந்த முறைப்பாடும் வராது. சலம் பார்வைக்கு வழக்கமான நிறத்திலேயே போகும். கால் வீங்கி, முகம் ஊதி, சத்தி வரும்போது சில கிழமைக்குள்ளேயே பெரும்பகுதி போய்விட்டிருக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினை இரத்தத்தில் அளந்து பார்த்தாலும் அதுகூடப் பிந்தித்தான் சொல்லும். சிறுநீரகத்தின் செயற்பாடு பாதியளவு குறையும்வரை அது சாதாரண அளவுக்குள்ளேயே நிற்கலாம். ஆனால் சலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பணுக்களும் புரதமும் அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

சலம் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். காலையில் போகும் முதல் சலத்தின் நடுப்பகுதியைச் சுத்தமான போத்தலில் பிடித்து, ஆறப்போடாமல் கொடுப்பது நல்லது. மூதூரில், குச்சவெளியில் இருந்து வருகிறவர்கள் விடியப் பிடித்த போத்தலைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, வரிசையில் நின்று, பத்து மணிக்குக் கொடுப்பார்கள். அதற்குள், சிறுநீரக வடிகளில் இருந்தே இரத்தம் கசிவதைக் காட்டும் 'சிவப்பணு வார்ப்பு' என்று நாங்கள் தேடுகிற முக்கியமான தடயம் உடைந்து கரைந்துவிடும். அப்படித் தூரத்தில் இருப்பவர்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து அங்கேயே சலம் கொடுப்பதுதான் மேல்.

ரிப்போட்டில் சிவப்பணு, புரதம் இரண்டும் இருந்தால் அதை 'சலக் கிருமி' என்று எடுத்துக்கொண்டு ஒரு அன்டிபயட்டிக்கோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் இன்னொரு பொறியும் உண்டு. பதவி சிறிபுர பக்கத்திலும் அதைச் சுற்றிய வடமத்திய பகுதிகளிலும் விவசாயிகளுக்கு வரும், காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் கிரியேட்டினின் கூடினால் "ஓ, அந்தத் தண்ணி வருத்தம்" என்று சனம் முடிவு கட்டிவிடும். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவது. சலத்தில் இரத்தம் வழக்கமாக இராது, புரதமும் கொஞ்சம்தான். கிழமைக்குக் கிழமை கிரியேட்டினின் ஏறி, சலத்தில் இரத்தமும் இருந்தால் அது வேறு கதை. அங்கே பொறுத்துப் பார்க்க நேரமில்லை.

அப்புறம், டைக்ளோஃபெனக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். சிறுநீரகத்தின் நிலை தெரியாத ஒருவருக்கு அது கூடாது. நோவுக்குப் பரசிட்டமோல் போதும்.

சரி, அன்காவுக்கு வருவோம். நெகட்டிவ் என்றால் இல்லைத்தானே என்று கேட்டீர்கள். இல்லை, அப்படி முடிவு கட்ட முடியாது. சிறுநீரகம், சுவாசப்பை எல்லாம் பிடிபட்ட முற்றிய நிலையில்கூடப் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்தச் சோதனை நெகட்டிவாக வரும். மூக்கு, காது, தொண்டை என்று மேற்பகுதியோடு நிற்கிற நிலையில் மூன்றில் ஒருவருக்குக்கூட நெகட்டிவாக வரலாம். எந்த முறையில் பார்த்தார்கள் என்பதும் கேள்வி. பழைய முறையில் ஒளிரும் சாயம் போட்டு மைக்ரஸ்கோப்பில் பார்ப்பார்கள்; அது பார்ப்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்தது. இப்போது வெண்குருதி அணுக்களில் இருக்கும் பிஆர்3, எம்பிஓ என்கிற இரண்டு புரதங்களுக்கும் எதிரான பிறபொருளெதிரியை நேரடியாக அளக்கும் முறையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் ரிப்போட்டில் அந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டொக்டரிடம் சொல்லித் திரும்ப எடுக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. அன்கா பொசிட்டிவாக வந்தால் வருத்தம் உறுதி என்பதும் இல்லை. காசநோயிலும், இருதய வால்வில் கிருமி பிடித்தாலும், தைரொயிட்டுக்குக் கொடுக்கும் ஒரு மருந்தாலும் அது பொசிட்டிவாக வரும். ஆளைப் பார்க்காமல் ரிப்போட்டைப் பார்த்து இதைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். மூக்கில் சதை எடுத்துப் பார்த்து "ஒன்றும் குறிப்பாக இல்லை" என்று வந்தாலும் அதே கதைதான். மூக்கில் இருந்து எடுக்கும் சின்னத் துண்டில் முழு அடையாளமும் கிடைப்பது குறைவு. சிறுநீரகத்தில் பாதிப்பு இருந்தால் அங்கே எடுக்கும் துண்டு நன்றாகப் பேசும்.

அந்த ஐந்து நாள் பிரட்னிசலோன் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூக்கும் கண்ணும் மூட்டும் இருமலும் ஒரே மருந்துக்கு ஒரே கிழமையில் அடங்கி, ஒன்றாகவே திரும்பின. இது சான்று ஆகாது. அந்த மருந்து பல வருத்தங்களை மூடி மறைக்கும். என்றாலும் இவை எல்லாம் ஒரே வேரில் இருந்து வரலாம் என்பதற்கு ஒரு குறிப்பு. இதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்காகப் பாமசியில் அதே குளிசையைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அரைகுறையாகப் போட்டால் சோதனைகளின் விடை மங்கும், கிருமி இருந்தால் பரவும்.

இனி, இந்த வருத்தம் எப்படியெல்லாம் வேடம் போட்டு வரும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு மட்டும் இல்லை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும்.

புத்தகத்தில் இருப்பது மூக்கு, சுவாசப்பை, சிறுநீரகம் என்ற மூன்றும் சேர்ந்த படம். நேரில் அது அப்படி ஒழுங்காக வருவதில்லை. சிலருக்குக் காதுதான் முதல். சிறுவயதில் காதில் ஒன்றும் இல்லாத ஆளுக்கு நாற்பது, ஐம்பது வயதில் காது அடைத்து, சீழ் வந்து, அன்டிபயட்டிக்குக்கு அடங்காமல், கேட்பது கடகடவென்று குறைந்தால், அதோடு முகத்தின் ஒரு பக்கம் கோணினால், வெறும் காதுச் சீழ் என்று விடக்கூடாது. சிலருக்குப் பல் டொக்டர்தான் முதலில் கண்டுபிடிப்பார். முரசு சிவந்து வீங்கி, ஸ்ட்ரோபெரிப் பழத்தின் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். பல் பிடுங்கிய இடம் கிழமைக்கணக்காக ஆறாது.

தொய்வு என்று வைத்தியம் செய்யப்படுகிறவர்களில் சிலருக்கு உண்மையில் குரல்வளைக்குக் கீழே மூச்சுக் குழாய் சுருங்கியிருக்கும். இன்ஹேலரை மாற்றி மாற்றி அடித்தும் குறையாது. கவனித்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்: தொய்வில் விசில் சத்தம் மூச்சை விடும்போது அதிகம், இதில் மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம், குரலும் அடைத்துப்போயிருக்கும். உங்கள் கணவருக்கு 'இழுப்பு' என்று சொன்னீர்கள். அது எந்தச் சத்தம் என்று இன்றிரவு கேட்டுப்பாருங்கள்.

கண்ணில் வருவதும் பலவிதம். சாதாரணக் கண் சிவப்பு அரிக்கும், பீளை தள்ளும். இது வெள்ளை விழியின் ஆழத்தில் வரும் அழற்சி என்றால் ஆளை நித்திரையில் இருந்து எழுப்புகிற நோவாக இருக்கும், நோவு நெற்றி வரைக்கும் ஓடும். சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் கட்டி போல வளர்ந்து கண் முன்னுக்குத் தள்ளும். புற்றுநோயோ என்று பயந்து ஸ்கானுக்கு ஓடுவார்கள். மார்பகத்திலும் விதையிலும் புரஸ்டேற்றிலும்கூடக் கட்டியாக வந்து, வெட்டிப் பார்த்த பிறகு இதுதான் என்று தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கின்றன. அவை மிக அபூர்வம். மார்பகத்தில் கட்டி என்றால் முதலில் புற்றுநோயைத்தான் தேட வேண்டும். தலைக்குள் மூளையைச் சுற்றிய உறை தடித்து, எந்தக் குளிசைக்கும் அடங்காத தலையிடியாக வருவதும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். இந்த வருத்தம் மும்முரமாக இருக்கும் காலத்தில் அந்த ஆபத்து கூடுதல். காலில் கையால் தடவினால் தட்டுப்படுகிற ஊதா நிறப் புள்ளிகள் வந்தால், டெங்குக் காலத்தில் எல்லோரும் பிளேட்லட்டைத்தான் பார்ப்பார்கள். பிளேட்லட் சரியாக இருந்தும் அந்தப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இதில் எதையும் வாசித்துவிட்டு, மழைக்கு வரும் தடிமனுக்கெல்லாம் பயப்படத் தொடங்காதீர்கள். பீனிசம் உள்ள ஆயிரம் பேரில் ஆயிரம் பேருக்கும் அனேகமாக வெறும் பீனிசம்தான். ஒரு வருத்தம் வழக்கமான மருந்துக்கு அடங்காமல் இருக்கும்போதே, அதோடு ஒட்டாத இன்னொரு உறுப்பில் இன்னொன்று தொடங்கினால்தான் யோசிக்க வேண்டும். காய்ச்சல் குணம், மெலிவு, சாப்பாட்டில் மனமின்மை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனைகள் இரண்டும் காரணமில்லாமல் கூடியிருப்பது எல்லாம் அந்தச் சந்தேகத்துக்குப் பலம் சேர்க்கும்.

காசநோய் மருந்தைத் தொடங்கலாமா என்பது கடினமான கேள்வி. அதைச் சொன்னவரை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் சுவாசப்பையில் நிழல், மெலிவு, இருமல் என்றால் காசநோயை நினைக்காத டொக்டர்தான் தவறு செய்கிறார். ஆனால் சளி இரண்டு தரம் நெகட்டிவ், நிழல் இரண்டு பக்கமும் உருண்டையாக, காது கண் மூக்கு எல்லாம் கூடவே என்றால், மருந்தைத் தொடங்கி இரண்டு மாதம் பார்ப்போம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஜிபிஏ ஆக இருந்தால் அந்த இரண்டு மாதத்தில் சிறுநீரகம் போய்விடலாம். காசநோய் மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் சலத்தைச் செம்மஞ்சளாக்கும். அதனால் உண்மையிலேயே இரத்தம் போனாலும் "மருந்தின் நிறம்" என்று விட்டுவிடுவீர்கள். போதாததற்கு அது பிரட்னிசலோனின் வேலையையும் குறைக்கும்.

மறுதலையாக, காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தாலும் ஆபத்துத்தான். ஆகவே செஸ்ட் கிளினிக்கோடு முரண்படாமல், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் சோதனைக்குச் சளி கொடுத்தாயிற்றா, சி.டி. ஸ்கான் எடுக்கலாமா, சுவாசப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அவருக்கு நீரிழிவு இருந்தாலோ, வயலிலும் சேற்றிலும் நிற்கிறவராக இருந்தாலோ மெலியோய்டோசிஸ் என்கிற மண் கிருமியையும் தேடச் சொல்லுங்கள். அது இலங்கையில் இருக்கிறது, சுவாசப்பையில் இதே போலப் படம் காட்டும். அதற்குக் குருதி வளர்ப்புச் சோதனை வேண்டும்.

இன்னொன்று. மூக்கில் பொருக்கு, மூக்குப் பாலம் தாழ்வது, பாதம் விழுவது எல்லாம் சேர்ந்தால் எங்கள் கிழக்கில் தொழுநோயையும் பார்க்காமல் விடக்கூடாது. உணர்ச்சியில்லாத தோல் தழும்பு இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று டொக்டர் தடவிப் பார்த்தால் சங்கடப்படாதீர்கள். அதற்கும் குணமாக்கும் மருந்து உண்டு, இலவசமாகவும் கிடைக்கும்.

இனி, நாளைக்கு என்ன கொண்டுபோவது? உங்களிடம் இப்போது ஈ.என்.டி., கண், செஸ்ட், மூட்டு என்று நாலு கொப்பி இருக்கும். நாலையும் மேசையில் வைத்தால் நெரிசலான வார்டில் யாருக்கும் எல்லாவற்றையும் புரட்ட நேரம் கிடைக்காது. நீங்கள் ஆசிரியை, ஒரு தாளில் தெளிவாக எழுத உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. திகதி வரிசையில், உறுப்பின் பெயர், என்ன மருந்து, அதற்கு என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். இப்படி:

"பெப்ரவரி, மூக்கு: அடைப்பு, இரத்தப் பொருக்கு. அன்டிபயட்டிக் இத்தனை தரம், பலன் இப்படி. ஏப்ரல், இடக் காது: கேட்பது குறைவு, குழாய் வைத்தது. ஜூன், வலக் கண்: சிவப்பு, நோவு, சொட்டு மருந்து, திரும்பியது. சுவாசப்பை: இரு பக்கமும் நிழல், சளி இரண்டு தரம் நெகட்டிவ். பிரட்னிசலோன் 5 நாள்: எல்லாம் குறைந்தது, விட்டதும் திரும்பியது. இப்போது வலப் பாதம்: ஒரு கிழமைக்குள் விழுந்தது. நிறை: முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. சலம்: இதுவரை பார்க்கவில்லை."

மூக்கின் வடிவம் மாறியிருக்கிறதா என்று அறிய அவருடைய பழைய அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். கண் சிவந்திருந்தபோது போனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். கிளினிக் நாளில் கண் தெளிந்திருக்கும், அதுதான் வழக்கம்! தாளை பொது வைத்திய நிபுணரிடம் கொடுத்து, "இவையெல்லாம் ஒரே வருத்தமாக இருக்குமா?" என்று கேளுங்கள். வருத்தத்தின் பெயரை நீங்கள் சொல்லவேண்டியதில்லை. கூகிளில் பார்த்துவிட்டு வந்ததாக எரிச்சல்படுகிற டொக்டர்மாரும் உண்டு, என்னையும் சேர்த்துத்தான். ஆனால் ஒழுங்காக எழுதிய தாளைப் பார்த்து எரிச்சல்பட்ட ஒருவரையும் நான் காணவில்லை.

கொழும்புக்கு நீங்களாகவே வாகனம் பிடித்துக் கொண்டு ஓட வேண்டாம். முதலில் இங்கே சேர்த்து, சலம், கிரியேட்டினின், எஃப்.பி.சி. என்ற இரத்த அணு எண்ணிக்கை, எக்ஸ்-ரே எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டு, சிறுநீரக நிபுணர் அல்லது வாதவியல் நிபுணர் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவர்களே கடிதத்தோடு அனுப்புவதுதான் வேகமான வழி. தனியாரில் ஒவ்வொரு நிபுணராகச் சனல் பண்ணித் திரிந்தால் இன்னும் நாலு கொப்பிதான் சேரும். இதற்கிடையில் இருமும்போது இரத்தம் வந்து மூச்சு வாங்கினாலோ, சலம் குறைந்து கொக்கோகோலா நிறத்தில் போனாலோ, மூச்சை இழுக்கும்போது சத்தம் கூடினாலோ, பார்வை மங்கினாலோ, நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கூகிளில் பார்த்துப் பயந்தீர்களோ தெரியாது. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த வருத்தம் முற்றியவர்கள் சராசரியாக 5 மாதம்தான் வாழ்ந்தார்கள். அந்த எண் இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. 1970களில் சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தைப் பிரட்னிசலோனோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. 2010 இல் வெளியான ஆய்வுகள் ரிட்டுக்ஸிமாப் என்ற இன்னொரு மருந்தும் சைக்ளோபொஸ்பமைட்டுக்கு ஈடாக வேலை செய்வதைக் காட்டின. இன்று நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலானோருக்கு வருத்தம் அடங்குகிறது. முற்றாக ஒழிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். பலருக்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பத் தலை தூக்கும், அதனால் மருந்தும் சலப் பரிசோதனையும் நீண்ட காலம் தொடரும். மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொடங்குமுன் ஹெப்படைற்றிஸ் பி, காசநோய் இரண்டையும் பார்ப்பார்கள். சுவாசப்பைத் தொற்று வராமல் கோட்ரைமொக்ஸசோல் குளிசையும் கொடுப்பார்கள். அது அன்டிபயட்டிக்தானே என்று இடையில் நிறுத்திவிடக்கூடாது.

மூக்குப் பொருக்குக்கு, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைத்துக் கழுவுவது நல்லது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும் கன்னியா வெந்நீரில் குளிப்பதும் அவருக்கு இதமாக இருந்தால் நான் தடுக்கமாட்டேன். சோதனைகளைப் பிற்போட மட்டும் அவற்றைக் காரணமாக்காதீர்கள். பொருக்கை நகத்தால் பிடுங்க வேண்டாம், நடுச்சுவர் ஓட்டையாகும்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஜிபிஏ தொற்றாது, தகப்பனுக்கு வந்ததால் பிள்ளைக்கு வரும் என்ற கவலையும் வேண்டாம். காசநோய் இல்லை என்று செஸ்ட் கிளினிக்கில் உறுதியாகும்வரை அவர் இருமும்போது வாயை மூடட்டும், படுக்கும் அறையின் யன்னலைத் திறந்து வையுங்கள். காசநோயே என்றாலும் அது காற்றால்தான் பரவும், தட்டாலும் கோப்பையாலும் இல்லை. அவரை எல்லோரோடும் ஒன்றாக இருத்திச் சாப்பிட விடுங்கள்.